சம்ப் தோண்ட ஜேசிபியா, பொக்லைனா, மினியா, ஆளா? வண்டியைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

போன வாரம் ஒரு மாலை, முன்பு எங்கள் தெருவில் குடியிருந்த அண்ணன் ஒருவர் போன் செய்தார். தாம்பரத்தை அடுத்த ஒரு பழைய நகரில் 30க்கு 50 அடி மனை வாங்கி வீடு கட்டப் போகிறார். "தம்பி, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஜேசிபி வரச் சொல்லிட்டேன், சம்ப்பை முதல்ல தோண்டிடலாம்னு. ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போறியா?"

சம்ப் என்றால் தரைக்குக் கீழே கட்டும் தண்ணீர்த் தொட்டி. இருட்டுவதற்கு முன் போய்ப் பார்த்தேன். பார்த்த அரை மணி நேரத்தில் அவரிடம் சொன்னது, வண்டிக்காரருக்குப் போன் போட்டு நாளைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பதுதான். அவருக்கு வருத்தம். நாள் பார்த்து வைத்திருந்தார், மேஸ்திரியும் ஆட்களோடு வரத் தயாராக இருந்தார். ஆனால் அந்த மனையில் அந்த வண்டி வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இருந்த கவலையை அப்படியே சொன்னேன், கேட்டுக்கொண்டார். அன்று அவரோடு உட்கார்ந்து பேசியதை இங்கே விரிவாக எழுதுகிறேன். சொந்த வீடு கட்டுபவர்களும் சின்ன அளவில் கான்ட்ராக்ட் எடுப்பவர்களும் இதே முடிவை வாராவாரம் எடுக்கிறார்கள், பெரும்பாலும் மணி வாடகையை மட்டும் பார்த்து.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஆபத்து என்னென்ன என்று பார்ப்பதை எல்லோரும் வண்டி வந்த பிறகு செய்கிறோம். அப்போது மீட்டர் ஓடத் தொடங்கிவிடும், ஆபரேட்டருக்கு அடுத்த சைட் காத்திருக்கும், குறைந்தபட்ச மணிக்கணக்குக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் "இந்த இடத்துக்கு இந்த வண்டி சரிப்படாது" என்று தெரிந்தாலும் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், "பார்த்துப் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டுத் தொடங்கிவிடுவார்கள். எந்த வண்டி என்பதே பாதுகாப்பில் பாதி முடிவு. அதனால் இடத்தைப் பார்ப்பது முதல் நாள் வேலை.

சரி, அந்த மனையில் என்ன இருந்தது?

தெரு 20 அடி. முன்பக்கம் தெருவோடு ஓடும் ஈபி கம்பி, காப்பு உறை இல்லாத வெறும் கம்பி. தெருவோரமாகச் செல்லும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.5 மீட்டர், அதாவது 18 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பழைய மின்சார விதிகளிலிருந்தே உள்ள கணக்கு. ஆனால் நம் ஊர்த் தெருக்களில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டுத் தரை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, கம்பமோ நட்ட இடத்திலேயே நிற்கிறது. அதனால் விதியில் உள்ள உயரத்தை நம்பக் கூடாது. எதிர் வீட்டு மாடியை வைத்துக் கண்ணளவில் கணக்குப் போட்டதில் அங்கே 16 அடி இருந்தாலே அதிகம். (தயவுசெய்து இரும்பு டேப்பையோ கம்பையோ தூக்கிப் பிடித்துக் கம்பியின் உயரத்தை அளக்காதீர்கள். மாடிக் கணக்கு போதும்.)

இடப்பக்கம் பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவர், பழைய செங்கல் சுவர். கடப்பாரையால் லேசாகக் கிளறிப் பார்த்தால் ஒன்றரை அடிக்குக் கீழே அஸ்திவாரமே இல்லை. வரைபடத்தின்படி சம்ப்புக்கான பள்ளம் அந்தச் சுவரிலிருந்து 3 அடி தள்ளி, சம்ப்பின் உள்ளளவு 10க்கு 6 அடி, ஆழம் 7 அடி. அதாவது 420 கன அடி, கிட்டத்தட்ட 12,000 லிட்டர். அடி கான்கிரீட், சுவர்க் கனம், வேலை செய்ய இடம் எல்லாம் சேர்த்தால் தோண்ட வேண்டியது 13க்கு 9, ஆழம் 8 அடி. ஒன்பது யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) மேல் மண், தோண்டிப் போட்டால் உப்பிப் பன்னிரண்டு யூனிட் ஆகும். எடை சுமார் 45 டன். அதை எங்கே கொட்டுவது என்பதே அந்த மனையில் ஒரு கேள்வி.

மூன்றாவது, மண். மேலே இரண்டடி யாரோ கொட்டிய கட்டட இடிபாடு, அதற்குக் கீழே களிமண். நான்காவதை அளந்து கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும். எதிர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, இந்த மனையில முன்னாடி என்ன இருந்தது?" என்று கேட்டேன். ஓட்டு வீடு ஒன்று இருந்ததாகவும், இடித்துவிட்டுப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது என்றும், முன்பக்க மூலையில் அவர்களுடைய செப்டிக் டேங்க் இருந்தது என்றும் சொன்னார். கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்ததில் ஒன்றரை அடிக்குக் கீழே "டங்" என்று ஒரு வெற்றொலி. மூடி கான்கிரீட், உள்ளே காலி. ஜேசிபி உள்ளே நுழைந்து திரும்ப வேண்டிய இடம் சரியாக அதுதான்.

இந்த நான்கையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பார்ப்போம்.

ஜேசிபி

எல்லோர் மனதிலும் முதலில் வருவது இதுதான். ரப்பர் டயர் என்பதால் ரோட்டில் தானே ஓடி வரும், டிரெய்லர் செலவு இல்லை, முன்னால் வாரி பின்னால் தோண்டி, இரண்டு வேலையும் ஒரே வண்டி பார்க்கும், எந்த ஊரிலும் கிடைக்கும். நன்றாக அகலமான இடத்தில் இதை விடச் சௌகரியமான வண்டி இல்லை, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதன் எடை ஏறத்தாழ 7.5 டன். தோண்டும்போது பின்னால் இரண்டு கால்களை ஊன்றிக்கொண்டு நிற்கும், அந்தக் கால்களின் பாதம் சின்னது, பள்ளத்தின் விளிம்புக்குப் பக்கத்திலேயே ஊன்ற வேண்டியிருக்கும். பக்கெட் மண்ணைக் கவ்வி இழுக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் அந்தக் கால்களுக்கு மாறுகிறது. களிமண்ணும் அதன்மேல் கொட்டிய இடிபாடும் உள்ள இடத்தில் விளிம்பு எப்போது விடும் என்று ஆபரேட்டருக்குத் தெரியாது, கேபினிலிருந்து அது தெரியவும் தெரியாது. நம் மனையில் செப்டிக் டேங்க் மூடி வேறு.

இரண்டாவது சிக்கல் இன்னும் முக்கியம், அது பலர் கண்ணில் படுவதில்லை. ஜேசிபி தோண்டுவது பின்பக்கம், மண்ணை வாரி நகர்த்துவது முன்பக்கம். இடம் குறுகலாக இருந்தால் கொஞ்சம் தோண்டி, காலைத் தூக்கி, முன்னே போய், திரும்பி, ரிவர்ஸ் வந்து, மறுபடி ஊன்றி என்று மாற்றி மாற்றி ஓடிக்கொண்டே இருக்கும். நசுங்கும் விபத்துக்கு வழி செய்வது இந்த ஓட்டம்தான். சித்தாள் சட்டியோடு குறுக்கே வருவார், மேஸ்திரி முதுகைக் காட்டி நின்று நூல் பிடிப்பார், தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். ஜேசிபி தோண்டுவதைப் பார்க்கப் பெரியவர்களே கூடும் ஊர் நம்முடையது, பிள்ளைகளை எப்படிக் குறை சொல்வது? தெருவை அடைத்துக் கயிறு கட்டி, ரிவர்ஸுக்கு ஒரே ஒரு ஆள் மட்டும் சைகை காட்ட நிற்க இடம் இருந்தால்தான் ஜேசிபி. 30 அடி அகலத்தில், ஒரு பக்கம் பலவீனமான சுவரும் முன்னால் தாழ்ந்த கம்பியும் இருக்கும்போது எனக்கு அதில் சம்மதமில்லை.

பொக்லைன்

ஹிட்டாச்சி என்றும் சொல்வார்கள். 20 டன் வகை வண்டி. அடித்தளத்தில் கார் பார்க்கிங் தோண்டுவது, பெரிய மனையில் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுவது என்றால் இதற்கு ஈடு இல்லை. செயின் பட்டை பாரத்தைப் பரப்பிக்கொள்வதால் சேற்றிலும் நிதானமாக நிற்கும், நின்ற இடத்திலிருந்தே முழு வட்டமும் சுற்றி மண்ணை டிப்பரில் போட்டுவிடும். ஜேசிபி போல முன்னும் பின்னும் ஓட வேண்டியதில்லை, ஆட்கள் நடுவே ரிவர்ஸ் எடுப்பது வெகுவாகக் குறையும். அந்த ஒரு விஷயத்தில் இது ஜேசிபியை விடப் பாதுகாப்பானது என்றே சொல்வேன்.

அது சுற்றும்போது பின்னால் உள்ள எதிர்எடை வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றால் ஆபரேட்டருக்குத் தெரியவே தெரியாது. வண்டியின் கை முழுதாக நிமிர்ந்தால் 30 அடி உயரம் தாண்டும், தெருக் கம்பி எங்கேயோ கீழே இருக்கும். தாழ்ந்த தட்டுள்ள லோபெட் டிரெய்லரில் வந்து சாய்பலகை வழியாக இறங்க வேண்டும், 20 அடித் தெருவுக்குள் டிரெய்லர் வராது, மெயின் ரோட்டிலேயே இறக்கி நடத்திக் கொண்டுவர வேண்டும். ஒரு சம்ப்புக்காக இது வேண்டாம். இதில் பேச அதிகமில்லை.

ஆள் வைத்துத் தோண்டுவது

இங்கேதான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "வண்டியே வேண்டாம் தம்பி, ஆள் விட்டுத் தோண்டிடலாம், ஆபத்தே இல்லையே" என்றார் அண்ணன். நல்ல மனதோடு சொன்னார். ஆனால் வண்டி தோண்டும்போது பள்ளத்துக்குள் யாரும் இருக்க வேண்டியதில்லை. ஆள் தோண்டும்போது முதல் சட்டியிலிருந்து கடைசிச் சட்டி வரை, மூன்று நான்கு நாள், இரண்டு மூன்று பேர் உள்ளேயேதான் இருக்கிறார்கள். எட்டடி பள்ளத்தில் பக்கவாட்டு மண் சரிவதற்கு வண்டி தேவையில்லை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. மார்பு வரை புதைந்தாலே மூச்சை உள்ளே இழுக்க முடியாது, தலை வெளியே தெரிந்தாலும் ஆளைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருடம் முன்பு நான் பொறுப்பில் இருந்த ஒரு சைட்டில், ஏழடி பள்ளம், ஆள் வைத்துத் தோண்டினோம், தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்து வைத்திருந்தோம். எடுத்துப் போடச் செலவு என்று நானே விட்டுவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் மேலே ஏறி வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் முழுவதும் உள்ளே இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. அவர்கள் மண்வெட்டி மூன்றடி மண்ணுக்கு அடியில் கிடந்தது. அன்றிலிருந்து விளிம்பில் மண் குவித்திருந்தால் எந்த சைட்டாக இருந்தாலும் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகளில் இதற்கு நேரடியான அளவுகள் இருக்கின்றன. 1.5 மீட்டரோ (சுமார் 5 அடி) அதற்கு மேலோ ஆழம் என்றால் பக்கங்களைச் சாய்வாகவோ படியாகவோ வெட்ட வேண்டும், அல்லது பலகை கட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர், அல்லது பள்ளத்தின் ஆழத்தில் பாதி, இரண்டில் எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும். 1.2 மீட்டரோ அதற்கு மேலோ ஆழம் என்றால் ஏணி இருக்க வேண்டும். அடியைக் குடைந்து மேலே உள்ளதைத் தானே விழவைக்கும் வேலை எந்தச் சூழலிலும் கூடாது. வீட்டு வேலைக்கு இந்த விதி கட்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணுக்கு அது அரசு வேலையா, நம் வேலையா என்று தெரியாது.

மழையை மறக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய ஆழமான பள்ளத்தில் மண் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களை மீட்கப் பல நாள் போராடியது சென்னையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம்முடையது அவ்வளவு ஆழம் இல்லை, ஆனால் ஊறிய களிமண் எட்டடியிலும் அதே வேலையைச் செய்யும்.

மினி

3 முதல் 5 டன் வரை உள்ள சின்ன செயின் வண்டி. சின்ன வகையின் அகலம் ஐந்தடி அளவுதான், சாதாரண கேட்டுக்குள் நுழையும், எட்டடி ஆழம் தோண்டும். சில வகைகளில் பின்பக்கம் பட்டையைத் தாண்டி வெளியே நீளாது, அதனால் சுவரோரம் சுற்றினாலும் இடிக்காது. கூப்பிடும்போதே "பின்பக்கம் வெளியே வராத வண்டியா?" என்று கேட்டு வாங்குங்கள். எடை குறைவு என்பதால் விளிம்பில் பாரமும் குறைவு.

குறையும் இருக்கிறது. லேசான வண்டி என்பதால் பக்கெட் நிறைய மண்ணோடு பக்கவாட்டில் கையை நீட்டினால் கவிழப் பார்க்கும், சமதளம் வேண்டும். வேகம் கம்மி. ஜேசிபி மூன்று மணி நேரத்தில் முடிப்பதை இது ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், கணக்குப் பார்த்தால் வாடகை கூடத்தான் வரும். அந்த மனைக்கு இந்த நான்கில் நான் கை காட்டியது இதற்குத்தான், கூடுதல் காசைக் கொடுத்துவிடுங்கள் என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன்.

அப்புறம் ஐந்தாவது ஒன்று

வண்டிகளைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு வரைபடத்தை எடுத்தோம். சம்ப் ஏன் ஏழடி ஆழம்? யாருக்கும் காரணம் தெரியவில்லை, வழக்கமாக அப்படித்தான் போடுவார்கள். 14க்கு 7.5 அடி, ஆழம் 4 அடி என்று வைத்தாலும் அதே 420 கன அடிதான், அதே தண்ணீர். தோண்ட வேண்டிய ஆழம் எட்டிலிருந்து ஐந்தடிக்கு வந்துவிடுகிறது. மேல் ஸ்லாப்பும் தரையும் பெரிதாகும், கம்பி கொஞ்சம் கூடும், சுவர் உயரம் குறைவதால் அந்தப் பக்கம் கொஞ்சம் மிச்சம். சுத்தம் செய்ய இறங்குபவருக்கும் நல்லது. ஐந்தடி என்றால் பயமே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் கழுத்தளவு பள்ளத்துக்கும் தலைக்கு மேல் போகும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் உயிர் வித்தியாசம்.

அதோடு இடத்தையும் தள்ளினோம். சுவரின் அடியிலிருந்து 45 பாகையில் பள்ளத்தை நோக்கிக் கீழே ஒரு கோடு போட்டுப் பாருங்கள், பள்ளம் அந்தக் கோட்டுக்குள் வந்தால் சுவரைத் தாங்கும் மண்ணில் கை வைக்கிறீர்கள் என்று பொருள். முந்தைய கணக்கில் சுவரின் அடி ஒன்றரை அடியில், பள்ளம் எட்டடியில், நடுவே மூன்றடிதான். ஆறரை அடி கீழே போகிறோம், மூன்றடிதான் தள்ளியிருக்கிறோம். சுவர் சரிந்து வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். புதுக் கணக்கில் ஐந்தடி தள்ளி, சுவரடிக்கு மூன்றரை அடி கீழேதான் போகிறோம். கோட்டுக்கு வெளியே வந்துவிட்டது.

வண்டி வருவதற்கு முன் மீதி வேலைகள்

செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு நாள் முழுக்கக் காற்றாட விட்டு, மேலிருந்தே மணல் கொட்டி நிரப்பச் சொல்லியிருக்கிறேன். யாரும் உள்ளே இறங்கக் கூடாது, எவ்வளவு பழையது, காய்ந்து கிடக்கிறது என்று சொன்னாலும் கூடாது. அந்த மூலையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு.

மின்சாரத்துக்குப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுத்தாயிற்று. டிப்பர் வந்து நிற்கும் நேரத்தில் இணைப்பை நிறுத்தித் தரச் சொல்லி, நேரில் போய்த்தான் கேட்டோம். புகாருக்கு மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது. கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி விலகியே வண்டியின் எந்தப் பாகமும் இருக்க வேண்டும் என்று ஆபரேட்டரிடம் போனிலேயே பேசிவிட்டேன். ஒருவேளை வண்டியின் கை கம்பியில் பட்டுவிட்டால் ஆபரேட்டர் இறங்கக் கூடாது, கேபினிலேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் கிட்டே போகக் கூடாது. வண்டி தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலும் சேர்ந்து விழும்படி குதித்து, பாதங்களை ஒட்டியபடியே சின்னச் சின்னதாக நகர்த்தி விலக வேண்டும். இதை ஆபரேட்டருக்கு மட்டும் சொன்னால் போதாது. ஓடிப் போய்த் தூக்கப் பார்ப்பவர் மேஸ்திரிதான், அவருக்கும் சொல்ல வேண்டும்.

தரைக்குக் கீழே இருப்பதற்கு, 2023 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலி இருக்கிறது, தோண்டும் முன் கேபிள், குழாய் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். ரோட்டை ஒட்டித் தோண்டுபவர்கள் அவசியம் பயன்படுத்துங்கள். மனைக்குள் என்றால் கையால் இரண்டு மூன்று இடத்தில் சோதனைக் குழி போட்டுப் பார்ப்பதே நம்பகம். நாங்கள் போட்ட ஒன்றில் பழைய தண்ணீர்க் குழாய் தட்டுப்பட்டது.

ஆபரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் டிப்பருக்கு வசதி என்று இரவில் தோண்டுவது உண்டு. பகல் முழுக்க வேறு சைட்டில் ஓட்டிவிட்டு இரவு பத்து மணிக்கு வரும் பையன் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். "சாப்பிட்டாயா, எத்தனை மணிக்குத் தூங்கினாய்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவரை ஒரு முறை இடத்தைச் சுற்றி நடக்க வையுங்கள், வண்டியில் ஏறும் முன். அவர் "இங்க நிக்காது சார்" என்று சொன்னால் நீங்கள் என்ஜினீயராகவே இருந்தாலும் கேளுங்கள்.

பெரிய கம்பெனிகளில் இதற்கெல்லாம் படிவம் உண்டு, ஒவ்வொரு ஆபத்துக்கும் நடக்கும் வாய்ப்பு, நடந்தால் வரும் இழப்பு இரண்டுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவார்கள். வேண்டுமானால் போடுங்கள், தவறில்லை. ஒரு காகிதத்தில் மனையை வரைந்து, கம்பி, சுவர், டேங்க், குழாய், மண் கொட்டும் இடம், ஆட்கள் நிற்கும் இடம் எல்லாவற்றையும் குறித்து அதை மேஸ்திரி கையில் கொடுத்தது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

மினி வருகிற வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறது. புதன்கிழமை மாலை மழை பெய்தால் அன்று வேண்டாம் என்று இப்போதே வண்டிக்காரரிடம் பேசி வைத்தாயிற்று, அட்வான்ஸைக் கழிக்க மாட்டேன் என்று அவரும் சொல்லியிருக்கிறார். எதிர் வீட்டுப் பெரியவரிடம் மட்டும் அண்ணன் இன்னொரு முறை பேசிவிட்டு வருவதாகச் சொன்னார், பின்பக்க மூலையில் கிணறு ஏதாவது இருந்ததா என்று கேட்க.